பருப்பு வேகாத ஊரில் ஏசி கேஸ்: பழைய காருக்கு எதை நிரப்புவது?

ஊட்டியில் இருந்துகொண்டு கார் ஏசியைப் பற்றிப் பேசினால் கீழேயிருந்து வரும் உறவினர்கள் சிரிப்பார்கள். "ஊரே ஏசி, இதுல காருக்கு வேற ஏசியா?" என்று கேட்பார்கள். அவர்கள் ஜூலை மாதச் சாரலில், ராத்திரி நேரத்தில், குன்னூர் மலைப்பாதையில் வண்டி ஓட்டியதில்லை. வெளியே மூடுபனி, உள்ளே நான்கு பேருடைய மூச்சு. ஐந்தே நிமிடத்தில் முன்கண்ணாடி பால் பூசியதுபோல் ஆகிவிடும். ஏசியைப் போட்டால் சட்டென்று தெளியும். ஏசி காற்றைக் குளிரவைக்கும்போது அதிலுள்ள ஈரத்தையும் சேர்த்துப் பிழிந்துவிடுகிறது. எங்களுக்கு ஏசி என்பது வைப்பர் மாதிரி ஒரு பொருள்.

என்னிடம் இருப்பது அப்பா வாங்கிய 1992ஆம் வருட மாடல் கார். அதன் ஏசி நின்றுபோனபோது மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பதில் வந்தது. "கேஸ் தீர்ந்துபோச்சுங்க, போட்டுட்டா ஓடும்" என்றார் ஒருவர். "பழைய கேஸ் இப்ப கிடைக்காது, புதுசு போட்டா கூலிங் வராதுங்க" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் பெருந்தன்மையானவர்: "எல்லா கேஸும் ஒண்ணுதாங்க." மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றையும் நம்பினால் பணம் போகும். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இரண்டு வருடம் அந்த ஏசியோடு மல்லுக்கட்டியதில் விஷயம் ஓரளவு பிடிபட்டது. அதைத்தான் இங்கே அடியிலிருந்து சொல்கிறேன்.

பருப்பிலிருந்து தொடங்கலாம்

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைத்தவர்களுக்குத் தெரியும், அடுப்பை எவ்வளவு எரித்தாலும் பருப்பு விறைப்பாகவே நிற்கும். காரணம், இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. உயரம் கூடக்கூட நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் பாரம் குறைகிறது. தண்ணீரை அழுத்திப் பிடிக்கும் கை தளர்ந்தால் அது சீக்கிரமே ஆவியாகிக் கிளம்பிவிடும். கொதித்த பிறகு எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. அதனால்தான் குக்கர். குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறது, தண்ணீர் 115 டிகிரி வரை போய்த்தான் கொதிக்கிறது, பருப்பு குழைகிறது.

ஆக, ஒரு திரவம் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்பதை அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. இந்த ஒன்று மனதில் நின்றால் ஏசியில் பாதி புரிந்த மாதிரி.

மீதிப் பாதி, ஊசி போடும் முன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட். தடவிய இடம் சில்லென்று ஆகிறதே, ஸ்பிரிட் குளிர்ச்சியாக இருப்பதாலா? புட்டி அறையில்தான் இருந்தது, அறையின் சூடுதான் அதற்கும். அது ஆவியாகும்போது அதற்கு வெப்பம் தேவை, அதை நம் தோலிலிருந்து உருவிக்கொள்கிறது. அதுதான் சில்லிப்பு. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கும், ஆவி திரும்பத் திரவமாகும்போது வாங்கியதைக் கொடுத்துவிடும்.

கேஸ் என்ன செய்கிறது?

கார் ஏசிக்குள் ஓடும் பொருளின் முறையான பெயர் குளிர்பதனப் பொருள். பட்டறையில் எல்லோரும் கேஸ் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மிகக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் பொருள் அது. இன்று பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்134ஏ என்ற கேஸ் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியில் கொதிக்கும். அழுத்தத்தை மூன்று மடங்காக்கினால் சுமார் 0 டிகிரியில் கொதிக்கும். பத்து மடங்காக்கினால் 40 டிகிரியில். நம் பருப்புக் குக்கர் கணக்கேதான்.

காரில் ஒரு மூடிய வளையம் இருக்கிறது. எஞ்சினுடன் பெல்ட் போட்டு ஓடும் கம்ப்ரஸர், கேஸை அழுத்திச் சூடான ஆவியாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் வலைபோன்ற கண்டென்ஸரில் அந்த ஆவி வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. ட்ரையர் என்ற சிறு உருளை அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற குறுகலான வாய் வழியாகப் போகும்போது அழுத்தம் திடீரென்று விழுகிறது. அழுத்தம் விழுந்தால் கேஸ் குறைந்த சூட்டிலேயே கொதிக்க ஆரம்பிக்கும். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதித்து, காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை வாங்குகிறது. பிறகு மறுபடி கம்ப்ரஸருக்குப் போகிறது.

ஊட்டி கேரட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். கேரட் போகிறது, லாரி திரும்பி வருகிறது. அந்த லாரிதான் கேஸ், கேரட்தான் வெப்பம். லாரி தேய்ந்து தீர்வதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே "கேஸ் தீர்ந்துபோச்சு" என்பது பெட்ரோல் தீர்ந்த கதை இல்லை. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். என் காரில் முதல் முறை அதுதான் நடந்தது. நாற்பது நாளில் மறுபடி வெறும் காற்று.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஒரு திரவத்தை உள்ளே கொதிக்கவைத்து வெளியே குளிரவைக்கிறோம். கேஸ் செலவாவதில்லை. குறைந்தால் கசிவு.

ஆர்12 ஏன் போனது?

1990களின் தொடக்கம்வரை வந்த கார்களில் இருந்தது ஆர்12. பழைய ஆட்கள் ஃப்ரியான் என்பார்கள். அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர், வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 1930ஐ ஒட்டி வந்தபோது அது ஒரு வரப்பிரசாதம். அதற்கு முன்னால் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்ற விஷ வாயுக்கள் ஓடின, கசிந்தால் ஆள் போய்விடும். ஆர்12 எரியாது, நாற்றமில்லை, மூச்சுக்குப் பெரிய கேடில்லை.

கேடு வேறு இடத்தில் இருந்தது. ஆர்12இன் மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்கள் உண்டு. அது கசிந்து மேலே போய், சூரியனின் புற ஊதாக் கதிரை வடிகட்டும் ஓசோன் படலத்தில் உடைந்து குளோரினை விடுகிறது. அந்தக் குளோரின் ஓசோனை அழித்துவிட்டுத் தான் அழியாமல் அடுத்ததற்குப் போகும். 1974இல் மொலீனா, ரோலண்டு என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை எச்சரித்தார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் ஓட்டை இருப்பதாக அறிவிப்பு வந்தது. 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992இல் அதில் சேர்ந்தது. புதிய கருவிகளில் ஆர்12 வகைக் கேஸ்களுக்கு இங்கே 2003இலேயே கதவு அடைபட்டது, உற்பத்தி 2008இல் நின்றது.

ஆகவே இன்று ஒருவர் "புத்தம் புது ஆர்12" என்று ஒரு சிலிண்டரை நீட்டினால், அதற்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு. பழைய கருவிகளிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த கேஸ் என்றால் அது வேறு கதை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பழைய காரில் ஆர்12 இன்னும் கசியாமல் இருந்து ஏசியும் ஓடினால், அதைத் தொடாதீர்கள். மாற்றும் வேலை, நின்றுபோன ஏசிக்குத்தான்.

மாற்றாக எதைப் போடுவது?

"எல்லா கேஸும் ஒண்ணுதான்" என்பதை இங்கே பார்க்கலாம். கேட்டால் நான்கு யோசனைகள் வரும்.

முதலாவது, வீட்டு ஏசி கேஸ். பழைய ஜன்னல் ஏசியில் இருந்த ஆர்22, பிறகு வந்த ஆர்410ஏ, ஆர்32. இவை எதுவும் காருக்கு ஆகாது. 40 டிகிரி சூட்டில் ஆர்12இன் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஒன்பதரை மடங்கு இருக்கும். அதே சூட்டில் ஆர்22 பதினைந்து மடங்கு, ஆர்410ஏ இருபத்து மூன்று மடங்கைத் தாண்டும். முப்பது வருட ரப்பர் குழாயிடம் அதைக் கேட்பது பாவம்.

இரண்டாவது, சமையல் கேஸ் குடும்பம். புரொப்பேனையும் ஐசோபியூட்டேனையும் கலந்து போடுவது. உண்மையைச் சொன்னால் குளிரவைப்பதில் இவை கெட்டிக்காரர்கள். பழைய எண்ணெயோடு நன்றாகக் கலக்கும், ஓசோனுக்கும் கேடில்லை. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன்தான் இருக்கிறது. "அப்புறம் என்ன, போடலாமே" என்று நானும் நினைத்தேன். ஃப்ரிட்ஜில் இருப்பது சில பத்து கிராம், அதுவும் பற்றவைத்து மூடிய செப்புக் குழாயில். காரில் போவது கால் கிலோவுக்கு மேல், அதிர்ந்துகொண்டே இருக்கும் ரப்பர் குழாயில். கூலிங் காயிலோ நம் முழங்காலுக்கு நேரே டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. காருக்குள் இருக்கும் காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும் கலவை அது. கால் கிலோ கேஸுக்கு அந்த அளவைத் தாண்டுவது சுலபம். கண்ணாடியை ஏற்றிவிட்டு மழையில் போகும் ஊரில் நான் இதைப் போடமாட்டேன்.

மூன்றாவது, "எதையும் மாற்ற வேண்டாம், அப்படியே ஊற்றலாம்" என்று விற்கப்படும் கலவைக் கேஸ்கள். இரண்டு மூன்று பொருள்களின் கலவை இவை. கசியும்போது எல்லாம் ஒரே வேகத்தில் கசியாது, உள்ளே மிஞ்சுவது வேறொரு கலவையாகிவிடும். அதன்மேல் மறுபடி ஊற்றினால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான்காவது, புதிய கார்களுக்கு வந்திருக்கும் ஆர்1234ஒய்எஃப். சூழலுக்கு மிக நல்லது. ஆனால் விலை அதிகம், இலேசாகத் தீப்பற்றக்கூடியது, அதற்கென்று வடிவமைத்த அமைப்பில் போடவேண்டியது. 1992 வண்டிக்கு அது தேவையில்லாத பட்டு வேட்டி.

மிஞ்சுவது ஆர்134ஏ. குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது. எரியும் அபாயம் கிட்டத்தட்ட இல்லை. எங்கும் கிடைக்கும். ஆர்12க்கு மிக நெருங்கிய அழுத்தத்தில் வேலை செய்யும். புவி வெப்பமாதலில் அதற்கும் பங்கு உண்டு. எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைவிட 1,400 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆர்12 இதில் 10,000 மடங்கைத் தாண்டியது. எதுவானாலும் காற்றில் திறந்துவிடக் கூடாது, மெஷினில் உறிஞ்சி எடுக்கவேண்டும்.

ஆக, எந்தக் கேஸ் என்ற கேள்விக்கு விடை சுலபம்தான்: ஆர்134ஏ. ஆனால் ஏசி பாழாவது பெரும்பாலும் கேஸ் தேர்வில் இல்லை. அதற்குப் பிறகு வரும் மூன்று விஷயங்களில்தான்: எண்ணெய், ஈரம், எடை.

எண்ணெய்: தைலம் சொல்லும் பாடம்

சளி பிடித்தால் நீலகிரித் தைலத்தைத் தேங்காய் எண்ணெயில் கலந்து நெஞ்சில் தேய்ப்போம். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அதே தைலத்தை ஆவி பிடிக்கச் சுடுதண்ணீரில் விட்டால்? மேலே மினுமினுவென்று தனியாக மிதக்கும். எது எதோடு சேரும் என்பதற்குப் பொருள்களிடையே ஒரு சாதிக் கட்டுப்பாடு இருக்கிறது.

கம்ப்ரஸருக்குள் ஒரு டம்ளர் அளவுக்கு எண்ணெய் இருக்கும். இது எஞ்சின் ஆயில் மாதிரி ஒரே இடத்தில் தங்காது. கேஸோடு கலந்து வளையம் முழுக்கச் சுற்றித் திரும்பக் கம்ப்ரஸருக்கு வரவேண்டும். ஆர்12 காரில் இருப்பது மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த எண்ணெய். ஆர்12க்கும் அதற்கும் தைலமும் தேங்காய் எண்ணெயும் மாதிரி உறவு. ஆர்134ஏ-வுக்கும் மினரல் ஆயிலுக்கும் தைலமும் தண்ணீரும் மாதிரி. கலக்காது. எண்ணெய் போய்க் கூலிங் காயிலின் அடியில் உட்கார்ந்துவிடும், கேஸ் மட்டும் கம்ப்ரஸருக்குத் திரும்பும். முதல் நாள் ஏசி ஜோராக ஓடும். முதல் மாதமும் ஓடலாம். பிறகு ஒரு நாள் எண்ணெயில்லாமல் கம்ப்ரஸர் இறுகி நிற்கும். "புதுக் கேஸ் ஒத்துக்கல" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதது எண்ணெய்.

ஆர்134ஏ-வோடு சேரும் எண்ணெய் இரண்டு வகை. புதிய கார்களில் கம்பெனியிலேயே ஊற்றி வருவது பி.ஏ.ஜி. ஆயில். மற்றது எஸ்டர் ஆயில். பழைய வண்டியை எவ்வளவு கழுவினாலும் மினரல் ஆயிலின் மிச்சமும் ஆர்12 விட்டுப்போன குளோரினும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பி.ஏ.ஜி. அதைத் தாங்காமல் கெட்டுப்போகலாம். எஸ்டர் பொறுத்துக்கொள்ளும். அதனால் மாற்று வேலைக்கு எஸ்டர் நல்லது. கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்துப் பழைய எண்ணெயை வடித்து, குழாய்களையும் காயிலையும் அதற்குரிய திரவத்தால் கழுவி, பிறகுதான் புதியது. பெட்ரோலோ மண்ணெண்ணெயோ விட்டுக் கழுவுவதைப் பார்த்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

கூடவே மாற்றவேண்டிய சில்லறைச் சாமான்கள் உண்டு. இணைப்புகளில் இருக்கும் ஓ ரிங் என்ற ரப்பர் வளையங்களைப் புதியதாகப் போடவேண்டும், ஆர்134ஏ-வுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்கவேண்டும். ட்ரையரைக் கண்டிப்பாக மாற்றவேண்டும், உள்ளேயிருக்கும் ஈரமுறிஞ்சி மணிகள் கேஸுக்குக் கேஸ் வேறு. ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதையும். கேஸ் ஏற்றும் வாய்க்கு ஆர்134ஏ அடாப்டர் போடவேண்டும். ஆர்12 வாய் திருகும் வகை, ஆர்134ஏ வாய் அழுத்தினால் கவ்வும் வகை. தவறிக்கூட மாற்றி ஏற்றிவிடக் கூடாது என்றுதான் வேறு வேறாக வைத்தார்கள்.

ஈரம்: ஊட்டியில் மீட்டர் காட்டும் பொய்

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்தால் உப்பு கசிந்து கஞ்சியாக இருக்கும். பி.ஏ.ஜி., எஸ்டர் இரண்டும் அந்த உப்பைப் போலத்தான், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பாதி ஊற்றிவிட்டு மூடாமல் வைத்த டின்னை அடுத்த வாரம் இன்னொரு வண்டிக்கு ஊற்றக் கூடாது. ஈரம் உள்ளே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வின் குறுகலான வாயில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ஏசி பத்து நிமிடம் குளிரும், நிற்கும், கொஞ்சம் கழித்து உருகியதும் மறுபடி குளிரும். பேய் பிடித்ததுபோல் இருக்கும். நாளாக ஆக அமிலம் உண்டாகி உள்ளுக்குள் அரிக்கவும் செய்யும்.

ஈரத்தை எடுக்கும் வழி வேக்கம் போடுவது. பம்பை வைத்து உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வெற்றிடமாக்குவதற்குத்தான் அந்தப் பெயர். அழுத்தம் போனால் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிக்கும் என்று பருப்பில் பார்த்தோம். அழுத்தத்தை அடியோடு எடுத்துவிட்டால் அறைச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிப் பம்போடு வெளியே போய்விடும்.

இங்கேதான் மலை விளையாடுகிறது. ஒரு இளைஞர் எங்கள் பக்கத்தில் புதிதாகப் பட்டறை போட்டார். வேக்கம் போட்டால் மீட்டர் முள் 23 அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. கோயம்புத்தூரில் வேலை பழகியபோது 28 வரும். "பம்ப் போச்சுங்கண்ணா" என்று புதுப் பம்ப் வாங்கினார். அதிலும் 23. கசிவு தேடி ஒரு நாள் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவினார். கசிவே இல்லை.

பம்பிலும் குறையில்லை. அந்த மீட்டர் உள்ளேயிருக்கும் அழுத்தத்தைத் தனியாக அளப்பதில்லை, வெளிக்காற்றைவிட எவ்வளவு குறைவு என்றுதான் காட்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 30 அங்குலப் பாதரசம், அதனால் முழு வெற்றிடத்துக்கு முள் 30ஐத் தொடும். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தமே 23 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இருப்பதே 23 என்றால் 23க்குமேல் எப்படி எடுக்கமுடியும்? நிலையாக அங்கே நின்றால் முழு வெற்றிடம் என்று பொருள். குன்னூரில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், மேட்டுப்பாளையத்தில் 29ஐ நெருங்கும்.

இன்னொன்று, குளிர். 30 டிகிரி வெயிலில் தண்ணீர் கொதிக்க அழுத்தத்தை 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு இறக்கினால் போதும். ஊட்டியின் 15 டிகிரியில் 13 மில்லிமீட்டருக்குக் கீழே போகவேண்டும். அரை மணி வேக்கம் என்ற சமவெளிக் கணக்கு இங்கே பற்றாது. வண்டியை வெயிலில் நிறுத்தி, எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் போடுவது நல்லது. பிறகு பம்பை மூடிவிட்டு அரை மணி முள்ளைக் கவனிக்கவேண்டும். அது திரும்பி வந்தால் கசிவோ ஈரமோ மிச்சமிருக்கிறது.

சுருக்கமாக: எண்ணெயை மாற்றாமல் கேஸை மாற்றக் கூடாது, ஈரத்தை எடுக்காமல் கேஸை ஏற்றக் கூடாது. மீட்டரில் வரும் எண்ணை ஊரின் உயரத்தோடு சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

எடை: சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பது ஏன்?

வீட்டுச் சமையல் சிலிண்டர் தீரப்போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? அடுப்பு எரிவதை வைத்துத் தெரியாது. முதல் நாளும் தீருவதற்கு முந்தின நாளும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். அதனால்தான் சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிறோம். உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை ஆவியின் அழுத்தம் மாறாது. அந்த அழுத்தத்தை முடிவு செய்வது வெளிச் சூடுதான், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

கார் ஏசியிலும் அதே விதிதான். வண்டியை அணைத்து வைத்திருக்கும்போது ஆர்134ஏ ஊட்டிக் காலையின் 15 டிகிரியில் மீட்டரில் 60 பிஎஸ்ஐ காட்டும். அதே வண்டி மேட்டுப்பாளையத்தில் 38 டிகிரி மதியத்தில் 125 காட்டும். ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஏசியில் கணக்கு இன்னும் சிக்கலானது, ஆனால் குளிரில் எல்லா எண்ணும் தாழ்ந்தே நிற்கும் என்பது அங்கேயும் பொருந்தும்.

என் வண்டிக்கு ஒரு ஜனவரிக் காலையில், ஏசியை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்து ஏற்றினார்கள். சமவெளிக்காக அச்சடித்த அட்டையில் இருந்த எண் வரும்வரை ஏற்றினார்கள். ட்ரையர் தலையிலுள்ள சின்னக் கண்ணாடியில் குமிழி மறையும்வரை இன்னும் கொஞ்சம். ஆர்12க்கு அந்தக் கண்ணாடி நல்ல வழிகாட்டி, குமிழி நின்றால் போதும் என்று அர்த்தம். ஆர்134ஏ-வில் சரியான அளவிலும் சில குமிழிகள் தெரியும், அவை மறையும்வரை ஏற்றினால் அளவு கூடிவிடும். ஊட்டியில் ஏசி பிரமாதமாக ஓடியது. ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்காகக் கீழே இறங்கினோம். மேட்டுப்பாளையம் நெரிசலில் நின்ற ஐந்தாவது நிமிடம் கம்ப்ரஸர் டக் டக்கென்று விட்டுவிட்டு வெட்டியது, எஞ்சின் சூட்டு முள் ஏறியது, ஏசி சூடாக ஊதியது. கீழே இன்னொரு இடத்தில் கேஸை மெஷினில் எடுத்து எடைபோட்டால் 900 கிராம். இருக்கவேண்டியது 650க்குப் பக்கம்.

அந்த 650 எங்கிருந்து வந்தது? ஆர்12க்குக் காரின் கையேட்டில் எடை போட்டிருக்கும். ஆர்134ஏ அதில் 80 முதல் 85 சதவீதம் போதும். 800 கிராம் ஆர்12 காருக்கு 640லிருந்து 680 கிராம். சிலிண்டரைத் தராசில் வைத்து, குறைவான எடையில் தொடங்கி, காற்று எவ்வளவு குளிர்ச்சியாக வருகிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து நிறுத்தவேண்டும். தராசு இல்லாத பட்டறையில் கேஸ் போடவேண்டாம் என்பது என் கட்சி.

இரண்டாமவர் சொன்ன "கூலிங் வராது" என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. கண்டென்ஸர் 60 டிகிரிக்குச் சூடேறும்போது ஆர்134ஏ-வின் அழுத்தம் ஆர்12ஐவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல். பழைய கண்டென்ஸர் அந்த வெப்பத்தை இறக்கத் திணறும். மே மாதம் கோயம்புத்தூர் சிக்னலில் வித்தியாசம் தெரியும், ஊட்டியில் தெரியாது. கீழே அதிகம் போகிறவர்கள் கண்டென்ஸருக்கு முன்னால் ஒரு கூடுதல் மின்விசிறி வைத்தால் பாதி குறை தீரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது முதல் கொண்டை ஊசிகளில், எஞ்சின் முழுப் பாரத்தில் மெதுவாக ஏறுகையில், ஏசியை அணைத்துவிடுவது என் வழக்கம். பர்லியார் தாண்டினால் காற்றே குளிர்ந்துவிடும், அப்புறம் பனி வந்தால்தான் அதற்கு வேலை.

கேஸ் வாங்கும்போது சிலிண்டர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஆர்134ஏ என்ற பெயரில் போலி உண்டு. 2011இல் கப்பல்களில் போகும் குளிர்பதனக் கன்டெய்னர்களில் ஆர்134ஏ-வுக்குப் பதில் மெத்தில் குளோரைடு கலந்த போலி கேஸ் ஏற்றப்பட்டு, அது அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கார் கூலிங் காயிலும் கண்டென்ஸரும் பெரும்பாலும் அலுமினியம்தான்.

வேலை முடிந்ததும் பானட்டுக்கு அடியில் ஒரு தாள் ஒட்டச் சொல்லுங்கள். என் வண்டியில் இப்போது இருப்பது இவ்வளவுதான்: கேஸ் ஆர்134ஏ, எடை 650 கிராம், ஆயில் எஸ்டர், ட்ரையர் புதியது, தேதி. கடைசி வரியை அந்த இளைஞரே பேனாவால் சேர்த்தார்: "வேக்கம் 23, ஊட்டி."